ஊட்டிக்கு 13,000, தரங்கம்பாடிக்கு 2,600: லீவ் ட்ரிப்ல காசு எங்க போகுது?

போன வாரம் வீடியோவுல "யாரும் அதிகம் போகாத ஊருக்கு ட்ரிப் போனா பாதி காசு மிச்சம்"னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அப்படி போகிற போக்குல சொல்லிட்டுப் போகிற விஷயம் இல்ல அது. எனக்கு அது புரியவே ரெண்டு வருஷமும் அம்மாவோட ஒரு ஜோடி வளையலும் தேவைப்பட்டது. அதனால கணக்கோட எழுதிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ஆயுத பூஜை லாங் வீக்எண்ட். நாங்க நாலு பேர், எல்லாரும் ஒரே டீம். ஊட்டி போகலாம்னு முடிவாச்சு. மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில், அங்கிருந்து கார். பர்லியாறு தாண்டினதும் வண்டி நின்னுச்சு. நின்னதுன்னா நின்னதுதான். குன்னூர் போய்ச் சேரவே மதியம் ஆயிடுச்சு. ரெண்டு நாள்ல நாங்க அதிகமா பார்த்தது முன்னாடி நின்ன டெம்போ ட்ராவலரோட பின்பக்கம்தான்.

ஒரு ஆளுக்கு ஆன செலவை அப்பவே நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ரூம் 6,500 ரூபாய் (ஒரு ரூம் ஒரு நாளைக்கு 6,500, ரெண்டு பேர் பங்கு, ரெண்டு ராத்திரி). கார் 2,250. ரயில் 700. சாப்பாடு 2,400. என்ட்ரி டிக்கெட், சாக்லேட், வர்க்கி, போட்டிங் எல்லாம் சேர்த்து 1,150. மொத்தம் 13,000. அப்ப என் கைக்கு வந்த சம்பளம் 24,000.

இதுல ஒரு விஷயத்தை நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன். அதே ஹோட்டல், அதே ரூம், சும்மா ஒரு ஜூலை மாச செவ்வாய்க்கிழமைக்கு எவ்வளவுன்னு ஆப்ல போட்டுப் பார்த்தேன். 2,200 ரூபாய். அதாவது ஒரு ராத்திரிக்கு 4,300 கூடுதலா கொடுத்திருக்கோம். ரெண்டு ராத்திரி, ரெண்டு பேர் பங்குன்னா ஆளுக்கு 4,300. 13,000ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு! இந்தப் பணத்தை நாங்க ஊட்டிக்குக் கொடுக்கல. காலண்டர்ல சிவப்பா இருந்த தேதிக்குக் கொடுத்தோம்.

சரி, இளமையில ஒரு தடவை, போனா போகட்டும்னு விட்டிருப்பேன். ஆனா ரூம் வாடகை மொத்தம் 26,000, கார் 9,000, ரெண்டையும் என் கிரெடிட் கார்டுலதான் தேய்ச்சேன். 60,000 லிமிட் கார்டு. "அடுத்த மாசம் அனுப்பிடறேன் மச்சி"ன்னு மூணு பேரும் சொன்னாங்க. ஒருத்தன் அனுப்பினான். அதுவும் பாதி, அதை வீட்டு வாடகைக்குக் கொடுத்துட்டேன். பில்லைப் பார்த்து பயந்து 35,000த்தையும் ஆறு மாச இ.எம்.ஐ.யா மாத்திட்டேன்.

அடுத்த மாசமே அப்பாவுக்கு வயித்துவலி. அப்பெண்டிக்ஸ், உடனே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. கம்பெனி இன்சூரன்ஸ்ல அப்பா அம்மா பேர் இருந்தது. ஆனா கேஷ்லெஸ் அப்ரூவல் வர்ற வரைக்கும் 40,000 அட்வான்ஸ் கட்டுங்கன்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க. இ.எம்.ஐ.க்கு மாத்தினா அந்தத் தொகை அளவுக்கு லிமிட்டைப் பிடிச்சு வச்சுக்குவாங்க, மாசாமாசம் கட்டக் கட்டத்தான் திரும்ப வரும். என் கார்டுல மிச்சம் இருந்தது 25,000. அம்மா ஒன்னும் பேசாம வெளிய போய், வளையலை அடகு வச்சு 15,000 கொண்டு வந்தாங்க. அந்த வளையலை நாலு மாசம் கழிச்சு மீட்டோம். அப்பா நல்லா இருக்கார். ஆனா அதுக்கப்புறம் லாங் வீக்எண்ட்னு யாராவது சொன்னாலே எனக்கு அந்த பில்லிங் கவுண்ட்டர்தான் ஞாபகம் வரும்.

தரங்கம்பாடிக்கு எப்படிப் போனேன்

திட்டம் போட்டெல்லாம் போகல. பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூர்ல. காலையில பத்து மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சு, சாப்பாடும் ஆச்சு. ரயில் ராத்திரிதான். மண்டபத்துல உட்கார்ந்து என்ன பண்றதுன்னு அப்பாதான் கேட்டார், "பக்கத்துல தரங்கம்பாடின்னு ஒரு ஊர் இருக்கு, டேனிஷ்காரன் கோட்டை, வர்றியா?" எட்டு கிலோமீட்டர் சொச்சம்தான். டவுன் பஸ்ல ஏறினோம்.

மெயின் ரோட்டுல இறங்கி கிழக்கே கொஞ்சம் நடந்தா, வெள்ளையா ஒரு பெரிய நுழைவாயில் குறுக்க நிக்குது. 1792ல கட்டினது. அதுக்குள்ள நுழைஞ்சா ராஜ வீதி. ரெண்டு பக்கமும் சர்ச், பழைய பங்களா, தூண் வச்ச வீடு. நேரா நடந்தா கடைசியில கடல். ஞாயித்துக்கிழமை மதியம், அந்தத் தெருவுல நாங்க ரெண்டு பேர், ஒரு ஐஸ் வண்டி, நாலு ஆடு. அவ்வளவுதான் கூட்டம்!

கோட்டை பேர் டேன்ஸ்போர்க். 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசரோட ஒப்பந்தம் போட்டு, ஓவே ஜெட்டேங்கிற டேனிஷ் அட்மிரல் வந்து கட்டினது. நாயக்கர் தங்க ஓலையில எழுதி அனுப்பின கடிதம் இன்னும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு. கிட்டத்தட்ட 225 வருஷம் இந்த ஊர் டேனிஷ்காரங்க கையில இருந்தது. கட்டுப்படியாகலன்னு 1845ல பிரிட்டிஷ்காரங்ககிட்ட வித்துட்டாங்க. வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். (நஷ்டத்துல ஓடுற சொத்தை எப்ப விக்கணும்னு ஒரு வீடியோ போடணும், அதுக்கு இதையே உதாரணமா வச்சுக்கலாம்.)

நம்ம கையில இருக்கிற தமிழ்ப் புத்தகத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. 1706 ஜூலையில சீகன்பால்குங்கிற ஜெர்மன் பாதிரியார் இங்க வந்து இறங்கினார். தமிழ் கத்துக்கிட்டார். அச்சு இயந்திரம் வரவழைச்சு, 1715ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சார். பக்கத்துல பொறையாறுல காகித ஆலை கூட வச்சாங்க. அவர் கட்டின புது எருசலேம் ஆலயம், 1718ல திறந்தது, ராஜ வீதியில இன்னும் இருக்கு, வழிபாடும் நடக்குது. தெருவோட இன்னொரு பக்கம் இருக்கிற சீயோன் ஆலயம் அதுக்கும் முந்தினது, 1701.

அப்பா அதிக நேரம் நின்னது கோட்டையில இல்ல, கடலை ஒட்டி இருக்கிற மாசிலாமணி நாதர் கோவில்ல. 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. அப்ப இந்த ஊருக்குப் பேர் சடங்கன்பாடி. கடல் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்து கோவிலோட முன்பகுதியைத் தின்னுடுச்சு. 2004 சுனாமியில இந்த ஊர் பட்ட பாடு தனிக்கதை. இப்ப கரையில பாறாங்கல் கொட்டி வச்சிருக்காங்க. அந்தக் கல்லு மேல உட்கார்ந்து அப்பா சுக்குக்காபி குடிச்சார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் அவ்வளவு சாவகாசமா உட்கார்ந்து நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

மூணு மாசம் கழிச்சு, ஒரு நண்பனோட தனியா திரும்பப் போனேன். இந்தத் தடவை கணக்கு எழுதவே போனேன்னு வச்சுக்கோங்க.

எழும்பூர்ல ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் பிடிச்சா அதிகாலை மயிலாடுதுறை. ஸ்லீப்பர் இருநூறு ரூபாயை ஒட்டி, போக வர ஆளுக்கு 400. ஒரு காலத்துல மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் இருந்தது, 1980கள்ல நிறுத்திட்டாங்க. இப்ப பஸ்தான், ரெண்டு நாள் சுத்தினதுக்கும் சேர்த்து 100. ரூம் 1,400, ரெண்டு பேர் பங்குல 700. சாப்பாடு ஆளுக்கு 900. மீன் வறுவல் ரெண்டு வேளை சாப்பிட்டோம், அதனால கொஞ்சம் ஏறிடுச்சு. பூம்புகார் போக ஒரு அரை நாள் ஆட்டோ பேசினது ஆளுக்கு 200. இதர செலவு 300. மொத்தம் 2,600. ஊட்டி செலவுல சரியா அஞ்சுல ஒரு பங்கு.

நியாயமா இன்னொன்னும் சொல்லணும். ஊட்டி ரெண்டு ராத்திரி, இது ஒரு ராத்திரி. ஊட்டியில குளிரு, இங்க வேர்வை. ஏப்ரல், மே மாசம் போனீங்கன்னா என்னைத் திட்டுவீங்க. நவம்பர்ல வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்லா இருக்கும். கடல்ல குளிக்கிற ஊர் இல்ல, அலை இழுக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல செய்யறதுக்கு ஒன்னுமே இல்ல. கோட்டைக்குள்ள இருக்கிற மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வெள்ளி காலையில போய் இறங்கி ஏமாந்துடாதீங்க. திருக்கடையூர்ல லாட்ஜ் நிறைய இருக்குன்னு நம்பி நேரா போயிடவும் கூடாது. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் எல்லாம் அவங்கவங்க பிறந்த நட்சத்திரத்துல நடக்கும், அதனால அங்க வருஷம் முழுக்கக் கூட்டம். முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. கையில காசு இருந்தா தரங்கம்பாடியிலேயே கடலைப் பார்த்த மாதிரி பழைய கலெக்டர் பங்களாவை ஹோட்டலா மாத்தியிருக்காங்க, ஆனா அந்த வாடகையைச் சேர்த்தா என் 2,600 கணக்கு கெட்டுப் போயிடும்.

இதே மாதிரி வேற ஊர்கள்

கொல்லிமலை. சேலம் வரைக்கும் ரயில், அங்கிருந்து இல்லன்னா நாமக்கல்லிலிருந்து செம்மேடு பஸ். 70 கொண்டை ஊசி வளைவு, ஜன்னல் சீட்டு கிடைச்சா அதுவே பாதி ட்ரிப். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். இறங்கறது ஈஸி. மேல ஏறி வந்து அரப்பளீஸ்வரர் கோவில் வாசல்ல அன்னாசிப்பழம் வாங்கிச் சாப்பிடும்போதுதான் முட்டி எங்க இருக்குன்னு தெரியும். ஆடி மாசம் வல்வில் ஓரி விழா நாட்கள்ல மட்டும் கூட்டம் இருக்கும்.

ஜவ்வாது மலையில காவலூர். வாணியம்பாடியிலிருந்து போகணும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட வேணு பாப்பு ஆய்வகம் அங்கதான் இருக்கு, 2.3 மீட்டர் தொலைநோக்கியோட. சனிக்கிழமைகள்ல பொதுமக்களை உள்ள விடறது வழக்கம். கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க இணையதளத்துல ஒரு தடவை பார்த்துடுங்க, மேகம் போட்டா ஒன்னும் தெரியாது. அமாவாசையை ஒட்டின சனிக்கிழமையா பார்த்துப் போங்க.

காரைக்குடியைச் சுத்தி செட்டிநாட்டு ஊர்கள். கானாடுகாத்தான் வீதிகள்ல நடக்கறதுக்கு ஒரு ரூபாய் செலவில்ல. ஆத்தங்குடில தரை ஓடு செய்யறதைப் பக்கத்துல நின்னு பார்க்கலாம். கண்ணாடி மேல கலர் ஊத்தி, மணல் சிமென்ட் போட்டு, சூளையே இல்லாம செய்யறாங்க. அரண்மனை வீட்டு ஹோட்டல்ல தங்கினா பர்ஸ் காலி, காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்கினா தரங்கம்பாடி கணக்குதான்.

வால்பாறையையும் முன்னாடி இந்த லிஸ்ட்ல சேர்த்திருப்பேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசம் ஐகோர்ட் உத்தரவுல இ-பாஸ் வந்துச்சு இல்லையா, 2025 நவம்பர்லிருந்து வால்பாறைக்கும் வந்துடுச்சு. ஒரு ஊர் "யாருக்கும் தெரியாத ஊர்"னு ரீல்ஸ்ல வர ஆரம்பிச்சாலே, அதோட விலை மாறப் போகுதுன்னு அர்த்தம். அதனால ஊர் பேரை விட, ஊரை எப்படித் தேடறதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் உங்களுக்கு உபயோகம். நான் செய்யறது இதுதான்: ஆப்ல ஒரு ஊரோட ரூம் விலையை லாங் வீக்எண்ட் தேதிக்கும், சாதாரண வாரநாளுக்கும் போட்டுப் பார்ப்பேன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னா இருந்தா, அந்த ஊர் இன்னும் நம்ம ஊர்.

தேதியை மாத்தினாலே பாதி வேலை முடிஞ்சுது. ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு போங்க. ரெண்டு நாள் கேஷுவல் லீவ் போகும். பெரும்பாலான கம்பெனிகள்ல அது வருஷக் கடைசியில காலாவதியாகிடும், பணமாவும் மாத்த முடியாது. நம்மள்ல எத்தனை பேர் டிசம்பர் 31 அன்னைக்கு அஞ்சு நாள் கேஷுவல் லீவை அப்படியே விட்டுட்டு, நவம்பர்ல லாங் வீக்எண்டுக்கு மூணு மடங்கு வாடகை கொடுத்திருக்கோம்?

"நோ காஸ்ட் இ.எம்.ஐ."னு சொன்னா

இப்ப ட்ராவல் ஆப் எல்லாத்துலயும் "இப்ப பயணம், அப்புறம் பணம்"னு ஒரு பட்டன் இருக்கு. ஒரு உதாரணத்தைக் கணக்கு போட்டுடலாம். 36,000 ரூபாய் பேக்கேஜ், ஆறு மாசம், மாசம் 6,000, வட்டி இல்லன்னு போட்டிருக்கும். வங்கி வட்டி வாங்காம விடாது. வருஷம் 15 சதவீத வட்டின்னு வச்சுக்குவோம். உள்ள நடக்கறது என்னன்னா, கடன் தொகையா 34,476 மட்டும் எடுத்துக்கிட்டு, 1,524ஐ வட்டியா காட்டுவாங்க. அந்த 1,524ஐ விக்கிறவர் "டிஸ்கவுன்ட்"னு கழிச்சுக் கொடுத்த மாதிரி கணக்கு சரியாயிடும். ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 274 ரூபாய், அது உங்க தலையில. ப்ராசஸிங் கட்டணம் 199ன்னா அதுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக 509 கையை விட்டுப் போச்சு. முழுப் பணமும் ஒரே தடவையில கொடுத்தா அந்த 1,524 தள்ளுபடி நமக்குக் கிடைச்சிருக்கும்னா, உண்மையான செலவு 2,033. தரங்கம்பாடிக்கு ஒரு ஆள் போயிட்டு வர்றதுக்கு ஐநூறு சொச்சம்தான் குறையுது!

நான் பண்ணின மாதிரி தேய்ச்ச பிறகு பில்லை இ.எம்.ஐ.யா மாத்தினா அதுல "நோ காஸ்ட்" கூட கிடையாது, முழு வட்டி. அதுவும் செய்யாம மினிமம் மட்டும் கட்டிக்கிட்டே போனீங்கன்னா, மாசம் மூணு, மூணரை சதவீதம்னு ஓடும். வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தொடும். அடகுக் கடை வட்டி எவ்வளவோ தேவலைன்னு எங்க அம்மா சொன்னது சும்மா இல்ல.

இப்ப நான் என்ன பண்றேன்னா, சம்பளம் வர்ற மறுநாள் 2,000 ரூபாய் ஒரு ஆர்.டி.க்குத் தானா போகற மாதிரி வச்சிருக்கேன். அக்கவுன்ட் பேரே "ஊர் சுத்தி". 12 மாசத்துல 24,000, ஆறரை சதவீத வட்டின்னா கூட 800 ரூபாய் சொச்சம் சேரும். வட்டிக்காக இதைச் செய்யல. எமர்ஜென்ஸி பணம் வேற, ட்ரிப் பணம் வேறன்னு ரெண்டும் கலக்காம இருக்கத்தான். மூணு மாசச் செலவு தனியா ஒதுக்கி வைக்காதவங்க முதல்ல அதை முடிச்சுட்டு இந்த ஆர்.டி.யை ஆரம்பிங்க. அதுவரைக்கும் ட்ரிப்பே வேண்டாமான்னா, 2,600 ரூபாய் ட்ரிப்புக்கு யாரும் கடன் வாங்க வேண்டியதில்ல.

கிரெடிட் கார்டை நான் தூக்கிப் போடல. ரயில் டிக்கெட், ரூம் ரெண்டுக்கும் கார்டுதான், ஆனா அந்தத் தொகை ஆர்.டி.யில இருந்தா மட்டும். நண்பர்கள் பங்குன்னா, அவங்க யு.பி.ஐ. பண்ணின பிறகுதான் புக்கிங். முதல் தடவை கேட்கும்போது கூச்சமா இருந்துச்சு. இப்ப எல்லாரும் பழகிட்டாங்க.

எல்.டி.ஏ. பத்தி ஒரு பத்தி

சம்பள ஸ்லிப்ல எல்.டி.ஏ.ன்னு ஒரு வரி இருந்தா, வரி விலக்கு பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். புது முறையில கிடையாது. இந்தியாவுக்குள்ள போன பயணம், அதுவும் போக்குவரத்துக் கட்டணம் மட்டும். ஹோட்டல், சாப்பாடு எதுவும் சேராது. நாலு காலண்டர் வருஷத் தொகுதியில ரெண்டு பயணம். 2022லிருந்து 2025 வரை ஒரு தொகுதி, 2026லிருந்து 2029 வரை அடுத்தது. நம்ம இருநூறு ரூபாய் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு இதுல பெருசா ஒன்னும் மிச்சமாகாது. குடும்பத்தோட தூரமா போறவங்க டிக்கெட்டைப் பத்திரமா வச்சுக்கோங்க. எல்.டி.ஏ. கிடைக்குதேன்னு ட்ரிப் போறது, டிஸ்கவுன்ட் போட்டிருக்கானேன்னு மிக்ஸி வாங்கற மாதிரி.

ரூம் பில்லுல இன்னொன்னு பாருங்க. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22லிருந்து ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமா குறைஞ்சிடுச்சு. இன்னும் 12ன்னு யாராவது போட்டா கேளுங்க.

சின்ன ஊர்ல பெரிய ஏமாத்து

இது என் ரெண்டாவது பாடம், 3,000 ரூபாய் ஃபீஸ். ஒரு மலை ஊர்ல ஹோம் ஸ்டே தேடினேன். ஊர் பேரும் ஹோம் ஸ்டே பேரும் வேண்டாம், அந்த உண்மையான ஓனர் பாவம். இன்ஸ்டாகிராம்ல அழகான பேஜ், போன் நம்பர், "ரெண்டே ரூம்தான் மிச்சம் சார், பாதி அட்வான்ஸ் போடுங்க". போட்டேன். மலை ஏறிப் போய் நின்னா, அந்த வீட்டுக்காரர் "எனக்கு இன்ஸ்டாகிராமே கிடையாதுங்க தம்பி"ன்னார். அவர் வீட்டு போட்டோவை எவனோ எடுத்து பேஜ் நடத்தறான். அன்னைக்கு ராத்திரி அவரே பாதி வாடகைக்கு ஒரு ரூம் கொடுத்தார், வெந்நீரும் வச்சுக் கொடுத்தார்.

பெரிய ஊர்ல ஆப்ல புக் பண்றோம், ரிவ்யூ இருக்கு, கேன்சல் வசதி இருக்கு. அதிகம் பேர் போகாத ஊர்ல இதெல்லாம் குறைவு, ஏமாத்தறவனுக்கு அதுவே வசதி. இப்ப நான் அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி வீடியோ கால்ல ரூமைக் காட்டச் சொல்லுவேன். யு.பி.ஐ.ல பேர் வரும்போது அது ஓனர் சொன்ன பேர்தானான்னு பார்ப்பேன். அந்த ஊர் டீக்கடை நம்பர் மேப்ல இருந்தா அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுவேன், சின்ன ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அட்வான்ஸ் 500க்கு மேல கிடையாது. பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம 1930க்கு போன் பண்ணுங்க, சைபர் மோசடிக்கான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குப் போறதுக்குள்ள முடக்க வாய்ப்பு இருக்கு. நான் ரெண்டு நாள் கழிச்சு சொன்னேன். வரல.

கையில ரெண்டாயிரம் ரூபாய் நோட்டா, சில்லறையா வச்சுக்கோங்க. மலை மேல சிக்னல் இல்லன்னா யு.பி.ஐ. இல்ல, ஏ.டி.எம். இருந்தா அதுல பணம் இல்ல.

காட்டுக்குள்ள "சீக்ரெட் அருவி"ன்னு ரீல்ஸைப் பார்த்து மட்டும் போகாதீங்க. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில 20க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, நம்ம வயசுப் பிள்ளைங்க, ஐ.டி.யில வேலை பார்த்தவங்களும் அதுல உண்டு. மலையேற்றம்தான் வேணும்னா, வனத்துறை 2024 அக்டோபர்ல "ட்ரெக் தமிழ்நாடு"ன்னு 40 பாதைகளோட ஒரு திட்டம் தொடங்கியிருக்கு. ஆன்லைன்ல பதிவு பண்ணலாம், கூடவே வழிகாட்டி வருவாங்க. கட்டணம் கொஞ்சம் அதிகம்னு தோணலாம். அந்த விஷயத்துல மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர்லிருந்து 120 நாள் இல்ல, 60 நாள்தான். இது நமக்கு நல்லது. நாலு மாசம் முன்னாடி லீவ் கிடைக்குமான்னு எந்த மேனேஜரும் சொல்ல மாட்டார், ரெண்டு மாசம்னா கேட்டுப் பார்க்கலாம். போக வேண்டிய தேதியிலிருந்து 60 நாள் பின்னாடி எண்ணி, காலை எட்டு மணிக்கு அலாரம் வச்சுடுங்க. திரும்பி வர்ற டிக்கெட்டுக்கு அடுத்த அலாரம் வேற வைக்கணும், பலரும் அதை மறந்துட்டு தட்கல்ல மாட்டிக்கறாங்க.

"ஊர் சுத்தி" அக்கவுன்ட்ல இப்ப 11,000 இருக்கு. அடுத்து காரைக்குடி, மூணு பேர். மதியம் எழும்பூர்ல பல்லவன் பிடிச்சா ராத்திரி போய்ச் சேர்ந்துடலாம். அம்மா ஆத்தங்குடி ஓட்டைப் பார்த்துட்டு வீட்டுக்கு நாலு வாங்கணும்னு இப்பவே சொல்லிட்டாங்க, அந்தச் செலவை எந்தக் கணக்குல எழுதறதுன்னுதான் தெரியல. அப்பாவுக்கு ஜன்னல் சீட்டு வேணுமாம்.